எண்ணிப் பெறுவோம், ஏற்றம் பெறுவோம்

(உலக மக்கள்தொகை நாளையொட்டித் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டி, வாளி சுமந்து கொட்டகை சேர்த்த களைப்பு இன்னும் உங்கள் தோள்களை விட்டு அகலவில்லை. அக்களைப்போடும் இம்மாலைப் பொழுதில் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆதலின், சுற்றி வளைக்காமல் செய்திக்கு வருகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திங்கள் 11ஆம் நாளை உலக நாடுகள் மக்கள்தொகை நாளாகக் கடைப்பிடிக்கின்றன. "உலக மக்கள்தொகைக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் வினவலாம். உலகம் என்பது வீடுகளின் தொகுதியே. மாநாட்டு மண்டபங்களில் பேரறிஞர்கள் எத்தனை தீர்மானங்களை நிறைவேற்றினாலும், அவை பலிப்பதும் பலியாமற் போவதும் ஒரு கணவனும் ஒரு மனைவியும் தம் வீட்டில் அமர்ந்து பேசிக்கொள்ளும் பேச்சைப் பொறுத்தே இருக்கின்றன. அந்தப் பேச்சுக்குத் துணை செய்யும் சில செய்திகளைச் சொல்லவே வந்துள்ளோம். இத்தனை பிள்ளை பெறுக என்று கட்டளையிட வரவில்லை.

பெருக்கம் வந்த வழி

உலக மக்கள்தொகை முதன்முதலாக 100 கோடியை எட்டியது ஏறத்தாழ 1804ஆம் ஆண்டில். அது 200 கோடியாவதற்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் 1960இல் 300 கோடி, 1974இல் 400 கோடி, 1987இல் 500 கோடி, 1999இல் 600 கோடி, 2011இல் 700 கோடி என்று தொகை விரைந்து ஏறிற்று. 2022ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உலக மக்கள் 800 கோடியாயினர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு அறிவித்தது. இரண்டாவது நூறு கோடி சேர 123 ஆண்டுகள் ஆயின. எட்டாவது நூறு கோடி சேர 11 ஆண்டுகளே ஆயின.

இதற்குக் காரணம், மக்கள் முன்னைவிட அதிகமாகப் பிள்ளை பெற்றதன்று. பிறந்த பிள்ளைகள் சாகாமல் பிழைத்ததே. இதற்குச் சான்று தேடித் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. இந்நாட்டின் பழைய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கவர்ந்து சென்றதை நம் பாட்டன்மார் கண்ணாரக் கண்டார்கள். 1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும் அன்று சுவெட்டன்காம் துறைமுகம் எனப்பட்ட இடத்திலும் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுக்களை ஒழிக்கும் வேலையை மேற்கொண்டார். காய்ச்சல் தணிந்தது. பின்னர்த் தோட்டங்களிலும் கால்வாய் வெட்டினார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். அதன்பின் குழாய்த் தண்ணீர் வந்தது, தடுப்பூசி வந்தது, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வந்தார்கள். எட்டுப் பெற்று மூன்றைக் காப்பாற்றிய தாய், எட்டையும் காப்பாற்றத் தொடங்கினாள்.

இது மகிழத்தக்க மாற்றம். ஆனால், சாவு குறைந்த வேகத்தில் பிறப்பு குறையவில்லை. நம் பிள்ளைகள் நிச்சயமாகப் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை பெற்றோர் மனத்தில் வேரூன்ற ஒரு தலைமுறையேனும் ஆகும். அந்த இடைக்காலத்திலேதான் தொகை பெருகுகின்றது. உலகெங்கும் நடந்தது இதுவே.

உலக இயக்கம் கற்ற பாடம்

1960களில் உலக மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தது. உணவு போதுமா, நிலம் போதுமா என்று உலகத் தலைவர்கள் அஞ்சினர். 1969இல் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் தன் பணியைத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டவரான ரஃபாயேல் சாலாஸ் 1987இல் மறையும்வரை அதன் தலைவராக விளங்கினார். 1974ஆம் ஆண்டு உலக மக்கள்தொகை ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில் 130க்கு மேற்பட்ட நாடுகள் கூடி விவாதித்தன. பிறப்பைக் குறைத்தால் வளம் வரும் என்றன செல்வ நாடுகள். வளம் வந்தால் பிறப்பு தானே குறையும் என்றன வறிய நாடுகள்.

1987 ஜூலை 11இல் உலக மக்கள் 500 கோடியாயினர் எனக் கணிக்கப்பட்டது. மக்களிடையே அது எழுப்பிய ஆர்வத்தைக் கண்ட ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆட்சி மன்றம், ஆண்டுதோறும் அந்நாளைக் கடைப்பிடிக்குமாறு 1989இல் பரிந்துரைத்தது. 1990இல் முதன்முறையாக 90க்கும் மேற்பட்ட நாடுகளில் உலக மக்கள்தொகை நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

இந்த இயக்கத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்களும் உண்டு. வருந்தத்தக்க பக்கங்களும் உண்டு. இரண்டையும் உங்களிடம் சொல்வதே நேர்மையாகும். இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நடப்பிலிருந்தபோது, அதிகாரிகளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துக் கருத்தடை அறுவை நடத்தப்பட்டது. 1976-77இல் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் விருப்பமின்றி இழுத்துச் செல்லப்பட்டோர் பலர். 1977 தேர்தலில் அந்த அரசாங்கத்தை மக்கள் வீழ்த்தினர். அது மட்டுமன்று, அதன்பின் நெடுங்காலம் ஆண்கள் அந்த அறுவையின் பெயரைக் கேட்டாலே விலகிச் சென்றனர். குடும்பக் கட்டுப்பாட்டுச் சுமை முழுவதும் பெண்கள் தலைமேல் விழுந்தது. சீன நாடு 1980 முதல் குடும்பத்திற்கு ஒரு குழந்தை என்று கொள்கை வகுத்து, 2016இல் அதைக் கைவிட்டது. 2022 முதல் அந்நாட்டின் மக்கள்தொகை குறைந்து வருகிறது. இன்று பிள்ளை பெறுங்கள் என்று அதே அரசாங்கம் வேண்டுகிறது.

அண்டை நாடான சிங்கப்பூர் 1970களில் இரண்டோடு நிறுத்துக என்றது. 1987இல் வசதியிருப்பின் மூன்றும் அதற்கு மேலும் பெறுக என்றது. நம் நாட்டிலும் 1966இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைக்கப்பட்டது. 1984இல் கொள்கை மாறி, 2100ஆம் ஆண்டளவில் 7 கோடி மக்கள் என்னும் இலக்கு பேசப்பட்டது. நாட்டின் தேவைக்கேற்பக் கொள்கைகள் மாறலாம். ஆனால், பெற்ற பிள்ளையைக் கொள்கை மாறியதென்று திருப்பித் தர இயலுமா? பெறாத பிள்ளையை ஐம்பது வயதில் பெற இயலுமா? ஆகவேதான், குடும்பத்தின் முடிவு குடும்பத்தாருடையதாகவே இருத்தல் வேண்டும்.

எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளி என்பதைத் தம் விருப்பப்படியும் பொறுப்போடும் முடிவு செய்வது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று 1968இல் தெஹ்ரான் நகரில் கூடிய மனித உரிமை மாநாடு கூறியது. 1994இல் எகிப்தின் கெய்ரோ நகரில் 179 நாடுகள் கூடின. பாகிஸ்தானில் மருத்துவராகப் பணியாற்றிய நஃபீஸ் சாதிக் அம்மையார் அம்மாநாட்டை நடத்தி வைத்தார். தொகையை எண்ணுவதை விடுத்துப் பெண்ணின் உடல்நலத்தையும் கல்வியையும் உரிமையையும் நோக்குங்கள்; மற்றவை தாமே வரும் என்பதே கெய்ரோ மாநாட்டின் சாரம்.

வற்புறுத்தாமல் வென்றவர்கள்

அந்தச் சாரம் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. தாய்லாந்தைப் பாருங்கள். 1960களின் இறுதியில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 6 பிள்ளைகள். 1990களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 2 ஆயிற்று. மேச்சாய் வீரவைத்தியா என்பவர் 1974இல் ஓர் அமைப்பை நிறுவி, கிராமத்து மளிகைக் கடைக்காரர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் வழியே கருத்தடை மாத்திரைகள் கிடைக்கச் செய்தார். ஆணுறையைப் பலூனாக ஊதும் போட்டி வைத்து ஊராரைச் சிரிக்க வைத்தார். கூச்சம் போய்ச் சிரிப்பு வந்ததும் கேள்விகள் வந்தன; கேள்விகள் வந்ததும் அறிவு வந்தது. இன்று உலகிற்கு ஆணுறை செய்து அனுப்பும் நாடுகளுள் மலேசியா முன்வரிசையில் நிற்கின்றது. அதற்கு மூலப்பொருள் மரத்துப் பால் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மங்கில் சொட்டும் பால் எத்தனையோ நாடுகளில் தாய்மாரின் உயிரைக் காத்து நிற்கின்றது என்பது பால்வெட்டுத் தொழிலுக்கே ஒரு பெருமை.

வங்காளதேசத்தையும் பாருங்கள். 1970களில் அங்கே ஒரு பெண்ணுக்கு 6க்கு மேற்பட்ட பிள்ளைகள். மிக வறிய நாடு; வெளியே செல்லத் தயங்கும் பெண்கள். அங்கே மருத்துவமனையை நோக்கிப் பெண்களை அழைக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆயிரமாயிரம் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து பேசினார்கள். இன்று அங்கே சராசரி ஏறத்தாழ 2. செல்வம் வரும்வரை காத்திருக்கவுமில்லை, சவுக்கை எடுக்கவுமில்லை.

பெரியவர் ஒருவரின் வினா

ஓரிடத்தில் நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, இந்த நாட்டில் நம்மவர் தொகையே சுருங்கிக்கொண்டு வருகிறது. இன்னும் குறையுங்கள் என்கிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 1957இல் மலாயாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் இந்தியர். இன்று மலேசியாவில் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. நம் தாய்மார் பெறும் பிள்ளைகளின் சராசரியும் 2க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகவே, குறையுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை என்றே அவருக்கு விடை கூறினோம்.

ஆனால், சராசரி என்பது பல வீடுகளைக் கூட்டி வகுத்த கணக்கு. ஒரு வீட்டில் பிள்ளை வேண்டிப் பத்தாண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் வேண்டுமா வேண்டாமா என்று எண்ணுமுன் ஐந்தாவது பிறந்துவிடுகிறது. இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே: தாம் விரும்பியபடி, விரும்பிய காலத்தில் பிள்ளை பெறுவதற்கான அறிவும் உதவியும். 1966இல் தொடங்கப்பெற்ற வாரியம் இன்று தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாக விளங்குகிறது. குழந்தைப் பேறு வாய்க்காதவர்களுக்கும் அது மருத்துவ ஆலோசனை வழங்குகிறது என்பதைப் பலர் அறியார்.

அப்பெரியவரிடம் நாம் இன்னொன்றும் சொன்னோம். சிறிய சமுதாயத்தில் பிள்ளைகளின் தலையெண்ணிக்கையைவிட, படிப்பை இழக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் பேரிழப்பாகும். நாம் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால், வாரத்தில் இரண்டு நாள் அவள் இருக்கை காலியாகவே இருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். சேலைத் தொட்டிலில் கைக்குழந்தை; அவள் இடுப்பில் இன்னொன்று. உள்ளே தாய் சோகையுற்று வெளுத்த முகத்தோடு படுத்திருந்தார். ஐந்து பேறுகள், ஏழே ஆண்டுகளுக்குள். தந்தை குடிப்பவரல்லர், உழைப்பாளி, நல்லவர். எமக்கு நாற்காலி துடைத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார். "என்ன செய்வது சார், வீட்டில் ஆளில்லை" என்றார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. அந்தச் சிறுமியின் படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றது. அக்குடும்பத்திற்கு எவரும் தீங்கு செய்யவில்லை. உரிய காலத்தில் எவரும் சென்று இரண்டு சொல் சொல்லவுமில்லை. நாமும் பிந்தித்தான் சென்றோம். அந்தக் குறை இன்றும் நம் நெஞ்சில் உண்டு. ஆதலினாலேயே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

மரத்திற்குத் தரும் ஓய்வு

ஒரு மரத்தை நாள்தோறும் ஓய்வின்றி ஆழ வெட்டினால் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுகிறீர்கள்; வெட்டிய பட்டை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் விட்டுவைக்கிறீர்கள். பெண் மரமல்லள், அவளுக்கு மனமும் உண்டு, வாயும் உண்டு. எனினும், மரத்திற்குத் தரும் ஓய்வை மனைவிக்குத் தர நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி விடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதாவது, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் ஏறத்தாழ மூன்று வயது வேறுபாடு. அதற்குள் தாயின் குருதி ஊறுகிறது. குழந்தையும் பால்குடி மறக்கிறது. இடைவெளி குறைந்தால், குறைமாதப் பேறும் எடை குறைந்த குழந்தையும் தாய்க்குச் சோகையும் ஏற்படும் வாய்ப்பு மிகுகின்றது. 1957இல் இந்நாட்டில் 1,00,000 குழந்தைகள் பிறக்கையில் ஏறத்தாழ 280 தாய்மார் உயிரிழந்தனர். 2019இல் அத்தொகை 21 அளவிற்குக் குறைந்துவிட்டது. மருத்துவச்சியரும் மருத்துவமனைகளும் குடும்பத் திட்டமும் சேர்ந்து செய்த தொண்டு இது.

வழிகள் பல

வழிகள் பல உண்டு. ஆணுறை ஒன்றே கருவைத் தடுப்பதோடு பால்வினை நோயையும் தடுக்கும். மாத்திரையை நாள்தோறும் தவறாது உண்ண வேண்டும். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் பெண்கள், இரவு படுக்குமுன் உண்பதை வழக்கமாக்கிக்கொண்டால் மறவார்கள். ஊசி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. கருப்பையில் பொருத்தும் செம்புச் சாதனம் பத்தாண்டு வரை பயன் தரும், வேண்டும்போது எடுத்துவிடலாம். இரத்தக் கொதிப்பு உடையோர்க்கும் புகைபிடிக்கும் பழக்கமுடையோர்க்கும் சில மாத்திரைகள் ஒவ்வா. ஆகவே, அண்டை வீட்டார் உண்பதை வாங்கி உண்ணாமல், தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆடவர்க்கு ஒரு சொல். ஆண்களுக்கான அறுவை சிறியது. சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அதைச் செய்துகொண்டால் உடல் தளர்ந்துவிடும், வாளி தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்று கொட்டகையில் பேசுவார்கள். அது உண்மையன்று. காயம் ஆறியபின் முன்போலவே உழைக்கலாம், முன்போலவே வாழலாம். அறுவைக்குப்பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள், மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை, வேறு தடுப்பு முறையைக் கையாள வேண்டும். இது நிலையான முறை. ஆதலின், இனிப் பிள்ளை வேண்டா என்று இருவரும் மனமொத்து முடிவு செய்தோர்க்கே உரியது. எவரும் உங்களை வற்புறுத்த உரிமையில்லை.

உரிமைகளை அறிக

தீபகற்ப மலேசியாவின் வேலைச் சட்டப்படி 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள்கள். முன்பு அது 60 நாள்களாக இருந்தது. தந்தைக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு. அதற்கு அதே முதலாளியிடம் 12 மாதங்கள் வேலை செய்திருத்தல் வேண்டும். உயிரோடுள்ள பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருப்பின், தாய்க்கு விடுப்பு உண்டு. ஆனால், பேறுகாலச் சம்பளத்தைச் சட்டம் உறுதி செய்யவில்லை. இதை அறியாமல் கடைசி மாதத்தில் கலங்கி நிற்போர் உளர்.

பெண் மக்களின் திருமணத்திற்கும் அவசரம் வேண்டா. முஸ்லிம் அல்லாதோர்க்கு 1982 முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டம் 18 வயதைக் குறிக்கிறது. 16 வயது நிரம்பிய பெண்ணுக்குச் சிறப்பு அனுமதி பெற இயலும். எனினும், அனுமதி கிடைக்கும் என்பதனால் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்பதில்லை. படித்த பெண் தாமதித்து மணக்கிறாள். தன் பிள்ளைகளைத் திட்டமிட்டுப் பெறுகிறாள். அவர்களைப் பள்ளிக்கும் அனுப்புகிறாள். எந்த நாட்டுக் கணக்கைப் புரட்டினாலும் இவ்வுண்மை தெரிகிறது.

பெருமக்களே, உலக மக்கள்தொகை இந்நூற்றாண்டின் 2080களில் 1,000 கோடியைச் சற்றே தாண்டி, பின்னர் இறங்கத் தொடங்கும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024இல் கணித்தது. அந்தப் பெரிய கணக்கு உங்கள் கையிலில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, இன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின் கணவனும் மனைவியும் சற்று அமர்ந்து பேசுங்கள். முதலில் மனைவி பேசட்டும், கணவன் கேட்கட்டும். ஐயமெழுந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இக்கூட்டம் கலைந்தபின் தனியே கேட்க விரும்புவோர்க்காக நாமும் நம்முடன் வந்துள்ள தாதியும் இம்மண்டபத்திலேயே காத்திருப்போம்.